குலுக்கி எடுத்தால் என்ன வரும்? மர வரைபடமும் அடுத்தடுத்து எடுக்கும் நிகழ்தகவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் மாலை நேரம் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் வந்ததும் வருஷா வருஷம் அதே கேள்விகள்தான் வருகின்றன. பிள்ளைகள் கேட்பது பாதி. அவர்களை அழைத்துப்போக வந்து திண்ணையில் உட்காரும் அம்மாக்கள் கேட்பது மீதி. தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னதையே சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

மர வரைபடம் என்றால் என்ன?

ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சோதனையை இடமிருந்து வலமாகக் கிளை கிளையாக வரைவது. முதல் தடவை எத்தனை விதமாக முடியலாமோ அத்தனை கிளை. ஒவ்வொரு கிளை நுனியிலிருந்தும் இரண்டாம் தடவைக்கான கிளைகள். ஒவ்வொரு கிளைமேலும் அதற்குரிய பின்னம். இவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன்.

ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டும். அப்பாயி துணிப்பையில் 8 பொட்டலம் வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே அளவில் மடித்த செய்தித்தாள் பொட்டலங்கள். 5-ல் கத்தரி விதை, 3-ல் வெண்டை விதை. மேலே எதுவும் எழுதவில்லை. கையை விட்டு ஒன்றை எடுக்கிறீர்கள், அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுக்கிறீர்கள்.

முதலில் கத்தரி: 5/8
– அடுத்து கத்தரி: 4/7 → 20/56
– அடுத்து வெண்டை: 3/7 → 15/56

முதலில் வெண்டை: 3/8
– அடுத்து கத்தரி: 5/7 → 15/56
– அடுத்து வெண்டை: 2/7 → 6/56

இரண்டாம் வரிசையில் கீழ் எண் 7 ஆனதைப் பாருங்கள். பையில் மிச்சம் இருப்பது 7 பொட்டலம்தான். மேல் எண் எது குறையும் என்பது முதலில் எது போனது என்பதைப் பொறுத்தது. கத்தரி போயிருந்தால் கத்தரி 4, வெண்டை அதே 3. வெண்டை போயிருந்தால் கத்தரி அதே 5, வெண்டை 2.

வகை ஒன்றுக்கு ஒரு பொட்டலம் வர வேண்டும் என்றால் நடு இரண்டு பாதைகளையும் கூட்டுங்கள்: 15/56 + 15/56 = 30/56, அதாவது 15/28. பாதிக்குச் சற்று மேல்.

கிளை வழியே போகும்போது பெருக்குகிறோம், நுனிகளைச் சேர்க்கும்போது கூட்டுகிறோம். ஏன்? மனப்பாடமாகத்தான் தெரியும்.

இதற்கு நம் ஊரை விட நல்ல படம் கிடைக்காது. கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் விடுகிறார்கள். வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரிந்து வெட்டாற்றுக்குக் கொடுக்கிறது. அப்புறம் வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயலின் மடை.

இப்போது விதைப் பைக்கு வாருங்கள். 56 குடம் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். முதல் மதகில் எட்டில் ஐந்து பங்கு கத்தரிப் பக்கம் போகிறது: 35 குடம். வெண்டைப் பக்கம் மிச்சம் 21. கத்தரி வாய்க்காலில் அடுத்த மதகு அந்த 35-ல் ஏழில் நான்கு பங்கைக் கத்தரிக்குத் திருப்புகிறது: 20 குடம். 35-ல் ஏழில் நான்கு பங்கு என்பதுதான் பெருக்கல். பங்கிலும் பங்கு எடுக்கிறீர்கள். ‘வகைக்கு ஒரு பொட்டலம்’ என்ற வயலுக்கு இரண்டு மடை வழியாகத் தண்ணீர் வந்து விழுந்தால், இரண்டையும் சேர்த்துத்தான் எத்தனை குடம் என்று சொல்வீர்கள். அதுதான் கூட்டல்.

சரிபார்க்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. எந்த மதகிலும் வெளியே போகும் பங்குகளைக் கூட்டினால் 1 வர வேண்டும்: 4/7 + 3/7 = 1. கடைசி நுனிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 1 வர வேண்டும்: 20 + 15 + 15 + 6 = 56. வரவில்லை என்றால் எங்கேயோ கரை உடைந்திருக்கிறது. நிஜ ஆற்றில் மணல் குடிப்பது, வெயில் குடிப்பது எல்லாம் உண்டு. இந்த ஆற்றில் அந்தச் சாக்கு செல்லாது.

எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு எடுத்தால்?

பை பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் வரிசையிலும் எல்லாக் கிளையும் 5/8, 3/8 தான். வகைக்கு ஒரு பொட்டலம் வருவதற்கு 15/64 + 15/64 = 30/64, அதாவது 15/32. இது பாதிக்குச் சற்றுக் கீழே.

திரும்பப் போடாதபோது 15/28, போட்டால் 15/32. காரணம் எளிது: கத்தரியை வெளியே எடுத்து வைத்துவிட்டால் உள்ளே கத்தரி குறைகிறது, வெண்டைக்கு வழி கிடைக்கிறது. திரும்பப் போட்டுவிட்டால் அந்தக் கத்தரியே மறுபடி கைக்கு வரலாம்.

கேள்வித்தாளில் ‘திரும்ப வைக்காமல்’ என்ற ஒரு சொல்லைக் கண் தாண்டிப் போனதால் ஐந்து மதிப்பெண் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டையும் கைக்குள் அள்ளினால் வேறு கணக்கா?

இல்லை. திரும்ப வைக்காமல் எடுக்கும் கணக்குதான். எந்த விரலில் பட்டது முதல், எந்த விரலில் பட்டது இரண்டாவது என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள், மரம் அப்படியே வரும்.

இரண்டாவது பொட்டலம் வெண்டையாக இருக்க என்ன நிகழ்தகவு? முதலாவதைப் பார்க்கவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வெண்டையில் முடியும் இரண்டு நுனிகளையும் கூட்டுங்கள்: 15/56 + 6/56 = 21/56 = 3/8. முதல் பொட்டலத்துக்கு இருந்த அதே 3/8.

வகுப்பில் பாதிப் பேர் நம்புவதில்லை. “சார், ஒன்று போய்விட்டதே, எப்படி மாறாமல் இருக்கும்?” ஒன்று போனது உண்மை. எது போனது என்று உங்களுக்குத் தெரியாது என்பதும் உண்மை. முதல் பொட்டலத்தைப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், இரண்டாவது பொட்டலம் எட்டில் ஏதோ ஒன்று. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரிந்த சேதி. பிரித்துப் பார்த்த கணத்தில்தான் 3/8 என்பது 3/7 ஆகவோ 2/7 ஆகவோ மாறுகிறது. அப்படிப் பார்த்த பிறகு மாறும் பின்னத்துக்குப் பெயர் நிபந்தனை நிகழ்தகவு.

குலுக்கல் சீட்டில் முதல் மாசம் 12-ல் 1, கடைசிக்கு முந்தின மாசம் 2-ல் 1. அப்படியானால் தாமதமாகத்தான் நல்ல வாய்ப்பா?

திண்ணைக் கேள்வி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: 12 பேர், மாதம் ஆளுக்கு ஆயிரம், 12 மாதம். பன்னிரண்டு பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெயர் வந்தவருக்கு அந்த மாதத்து 12,000. அவர் பெயர் மறுபடி சொம்புக்குள் போகாது, பணம் மட்டும் கட்டிக்கொண்டே வர வேண்டும்.

உங்களுக்கு மூன்றாவது மாதம் விழ வேண்டும் என்றால் மரத்தில் ஒரே ஒரு பாதைதான்: முதல் மாதம் விழாமல், இரண்டாம் மாதமும் விழாமல், மூன்றாம் மாதம் விழ வேண்டும்.

11/12 × 10/11 × 1/10

மேலே உள்ள 11 கீழே உள்ள 11-ஐ அடிக்கிறது, 10-ஐ 10 அடிக்கிறது. மிச்சம் 1/12. ஏழாம் மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள், அதே அடிபிடி நடந்து 1/12 தான் நிற்கும். பன்னிரண்டாம் மாதத்துக்கும் அதுவேதான்.

அப்போ அந்த ‘2-ல் 1’ பொய்யா? பொய்யில்லை. அது பத்து மாதம் பெயர் வராமல் காத்திருந்தவருக்கு மட்டும் உரிய பின்னம். அந்த இடம் வரை வந்து சேர்வதற்கே 12-ல் 2 பங்கு வாய்ப்புதான். இரண்டையும் பெருக்கினால் மறுபடி 1/12. சீட்டு தொடங்கும் நாளில் நின்று பார்த்தால் ஒரு விடை, பதினோராம் மாதத்துச் சொம்பு முன்னால் நின்று பார்த்தால் வேறு விடை. கேட்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரியாமல் பதில் சொல்லக் கூடாது.

முதல் மூன்று மாதத்துக்குள் விழுமா என்றால், மூன்று நுனிகளையும் கூட்டி 3/12, அதாவது கால். சீட்டு பிடிப்பவர் முதல் மாதத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்போது மரம் இரண்டாம் மாதத்தில் 11 பேரோடு தொடங்கும், எல்லாருக்கும் 1/11. ஏலச் சீட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தள்ளுபடி கேட்கும் துணிச்சல்தான் முடிவு செய்கிறது. சீக்கிரம் விழுந்தால் வட்டி லாபம் என்பதும் தனிக் கணக்கு, அதை இங்கே இழுக்கவில்லை.

சோழர் காலத்துக் குடவோலையும் இதே கணக்குதானா?

ஆமாம், ஆனால் அதில் இரண்டு விதமான கணக்கு இருக்கிறது. குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் டெல்டாவில் இல்லை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சையைத் தலைநகராகக் கொண்ட சோழர் ஆட்சிக்குட்பட்ட ஊர் என்பதால் நம்முடையது என்று உரிமை கொண்டாடலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் விதிமுறையைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. குடும்புக்கு ஒருவர். அப்படிக் கிடைத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு என்று தகுதிகள் நீளமாகப் போகும்.

என்னைக் கவர்ந்தது குலுக்கும் முறை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டு, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு பாலகனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் கட்டில் உள்ள ஓலைகளை வேறொரு குடத்துக்கு மாற்றிக் குலுக்கி, அதிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் (நடுவர்) ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை அது என்று நான் வாசிக்கிறேன். 5/8 என்று நாம் கூசாமல் எழுதுகிறோமே, பொட்டலங்கள் எல்லாம் கைக்கு ஒன்றுபோல் படுகின்றன என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறோம். அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பின் குலுக்கலும் அடுத்த குடும்பின் குலுக்கலும் தனித்தனி. இங்கே யார் பெயர் வந்தாலும் அங்கே உள்ள பின்னம் மாறாது. இவை சார்பிலா நிகழ்ச்சிகள். ஆனால் ஒரே குடும்புக்குள் வருஷா வருஷம் பார்த்தால் கதை வேறு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது என்பதும் விதி. தகுதியுள்ளவர் 10 பேர் என்று வைத்துக்கொண்டால் (இந்த 10 என் கற்பனை), நான்கு ஆண்டும் உங்கள் பெயர் வராமல் போக:

9/10 × 8/9 × 7/8 × 6/7 = 6/10

சீட்டுக் கணக்கின் அதே அடிபிடி. ஐந்தாம் ஆண்டில் முதலாண்டுக்காரர் மறுபடி குடத்துக்குள் வந்துவிடுவார். அதனால் கீழ் எண் அதற்கு மேல் குறையாமல் 7-லேயே நிற்கும். திரும்பப் போடுவதற்கும் போடாததற்கும் நடுவில் ஒரு முறை இது: தாமதித்துத் திரும்பப் போடுதல்.

வெண்டை வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் மரம் எப்படி இருக்கும்?

ஒரு பக்கம் மொட்டையாக இருக்கும். வெண்டை வந்த இடத்தில் கிளை நின்றுவிடும், கத்தரி வந்த கிளை மட்டும் நீளும். தென்னங்கீற்றை ஒரு பக்கம் கிழித்த மாதிரி. முதல் வெண்டை எத்தனையாவது பொட்டலத்தில் வரும் என்பதற்கான பின்னங்கள் இவை, எல்லாவற்றுக்கும் கீழ் எண் 56:

முதலாவதில் 21, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 10, நான்காவதில் 6, ஐந்தாவதில் 3, ஆறாவதில் 1.

ஏழாவது வரை போகவே முடியாது, கத்தரி ஐந்துதானே. 21, 15, 10, 6, 3, 1: கோலப்புள்ளியை முக்கோணமாக அடுக்கினால் வரும் எண்கள்! தற்செயல் இல்லை. முதல் வெண்டை இரண்டாவது இடத்தில் என்றால் மிச்ச இரண்டு வெண்டைகளும் பின்னால் உள்ள 6 இடங்களில் எங்காவது உட்கார வேண்டும். 6-ல் 2 இடம் தேர்ந்தெடுக்க 15 வழி. மூன்றாவது இடம் என்றால் 5-ல் 2, அதாவது 10 வழி. இப்படியே இறங்கும். இதை முதல்முதலாகப் பலகையில் போட்ட அன்று டியூஷன் முடிய அரை மணி தாமதமாகிவிட்டது.

தாயம் விழாமலே இருக்கிறது. எட்டில் ஒன்று என்றால் எட்டு தடவைக்குள் விழ வேண்டாமா?

நீளத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நாலு முகம். மரம் போட்டால் 16 நுனி. கூட்டுத்தொகை 1 வருவது 0-1, 1-0 என்ற இரண்டில்தான். ஆக தாயம் 2/16 = 1/8. சரிதான்.

ஆனால் கட்டைக்கு நினைவு கிடையாது. சொம்பிலிருந்து சீட்டு குறைவதுபோல் இதில் எதுவும் குறைவதில்லை. ஒவ்வொரு வரிசையிலும் அதே 7/8, 1/8. எட்டு தடவையும் தாயம் விழாமல் போக 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.34. மூன்றில் ஒரு பங்கு ஆட்டத்தில் எட்டு தடவை உருட்டியும் வெளியே உட்கார்ந்திருப்பீர்கள். கை ராசி பற்றிய பேச்சு எல்லாம் இந்த 0.34-க்குள் அடக்கம்.

கிளி ஜோசியம்?

எடுத்த அட்டையைத் திரும்ப அடுக்கில் வைப்பதால் ‘திரும்ப வைத்து எடுத்தல்’. ஆனால் கிளி பழக்கிய கிளி. ஒவ்வொரு அட்டைக்கும் சம வாய்ப்பு என்று எழுத எனக்குக் கை வராது.

‘குறைந்தது ஒன்று’ என்று வந்தால் ஏதாவது குறுக்கு வழி?

உண்டு, எப்போதும் அதையே பிடியுங்கள். ஒன்றுகூட வராத பாதை ஒன்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழியுங்கள்.

சான்று பெற்ற நெல் விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு குழியில் அப்படிப்பட்ட விதை 3 போட்டால், மூன்றும் முளைக்காமல் போக 0.2 × 0.2 × 0.2 = 0.008. குறைந்தது ஒன்று முளைக்க 0.992. எட்டு நுனி வரைந்து ஏழைக் கூட்டுவதற்கு இது மேல்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பெருக்கியது ஒரு விதை முளைப்பதற்கும் அடுத்தது முளைப்பதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணத்தில். மூட்டை நமுத்துப் போயிருந்தாலோ நாற்றங்காலில் தண்ணீர் தேங்கினாலோ மூன்றும் சேர்ந்தே வீணாகும். அப்போது 0.008 என்பது வெறும் காகிதக் கணக்கு.

பூக்கட்டிப் பார்ப்பதை மூன்று முறை செய்யலாமா?

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சந்நிதியில் ஒன்றை எடுப்பது. கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒருமுறை எடுத்தால் வெள்ளை 1/2. மூன்று முறை எடுத்து இரண்டு முறையாவது வெள்ளை வந்தால் சம்மதம் என்றால் 4/8, அதே பாதி. வெள்ளை ஒருமுறை வந்தாலே போதும் என்று மூன்று முறை எடுத்தால் 7/8. மனசு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்பது அந்த 7/8-லேயே தெரிகிறது.

மரத்தைப் பின்னாலிருந்து படிக்க முடியுமா? முடிவு தெரியும், தொடக்கம் தெரியாது.

முடியும். பதினொன்றாம் வகுப்பில் பேயிஸ் தேற்றம் என்று வருவது இதுதான். கொள்முதல் நிலையத்து வாசலில் ஒருவருடைய நெல் 100 சிப்பம். 60 மேட்டு வயலில் அறுத்தது, 40 பள்ளத்து வயலில் அறுத்தது. ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் வழக்கமான வரம்பு, மழை பிடித்துக்கொண்ட பருவங்களில் தளர்வு கொடுப்பதும் உண்டு. மேட்டுச் சிப்பத்தில் பத்தில் ஒன்றும், பள்ளத்துச் சிப்பத்தில் பத்தில் நான்கும் வரம்பைத் தாண்டும் என்று வைப்போம். ஏதோ ஒன்றைக் குத்தி எடுத்துப் பார்த்தால் ஈரம் அதிகம். அது பள்ளத்து நெல்லாக இருக்க என்ன வாய்ப்பு?

பின்னத்தை மறந்துவிட்டு எண்ணிக்கையாகப் போங்கள். மேட்டில் ஈரம் 6 சிப்பம், பள்ளத்தில் ஈரம் 16. ஆக ஈரமானவை 22, அதில் பள்ளத்தது 16. விடை 16/22 = 8/11. ஈரமில்லாத நுனிகளை மரத்திலிருந்து கழித்துவிட்டோம், மிச்சம் நின்ற நுனிகளுக்குள் பங்கு பார்த்தோம். சூத்திரம் எழுதச் சொன்னாலும் முதலில் ஓரத்தில் இப்படி எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

எத்தனை வரிசை வரை மரம் வரையலாம்?

மூன்று வரை கை வலிக்காது. ஐந்து வகைப் பொட்டலம், மூன்று முறை என்றாலே 125 நுனி வரும். யாரும் வரைய மாட்டார்கள். அப்போது சேர்வு முறைக்குப் போங்கள். எட்டில் இரண்டு எடுக்க 28 வழி, ஐந்து கத்தரியில் இரண்டு எடுக்க 10 வழி. 10/28 என்பது மரத்தில் வந்த 20/56 தான். அல்லது வேண்டிய ஒரே பாதையை மட்டும் வரையுங்கள், சீட்டுக் கணக்கில் செய்ததுபோல.

பரீட்சையில் 30/56 என்று விட்டுவிடலாமா, சுருக்க வேண்டுமா?

நுனிகளில் சுருக்காதீர்கள், கீழ் எண் ஒன்றாக இருந்தால்தான் கூட்டச் சுலபம். கடைசி விடையில் மட்டும் 15/28 என்று சுருக்கி எழுதுங்கள். மரத்தை அழிக்காதீர்கள், விடை தவறினாலும் மரத்துக்கு மதிப்பெண் கிடைக்கும்.